விளக்கடிப் பலகை: பாட்டா வீட்டில் கிடைத்த ஒன்றைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

போன மாசி மாதம் பாட்டா (அம்மாவின் அப்பா) வீட்டை ஒழித்துக் காலி செய்தோம். கன்னியாகுமரி மாவட்டத்தில் பூதப்பாண்டிக்குப் பக்கத்தில், தெருவின் கடைசி வீடு. கும்பப்பூ அறுவடை முடிந்து வயல்கள் வெறும் தாளாக நின்ற நேரம். வீட்டை வாங்கியவர் பங்குனியில் வானம் தோண்ட நாள் பார்த்துவிட்டார். எங்களுக்கு மிஞ்சியது பதினோரு நாள். அம்மா, பெரிய மாமா, மாமி, சின்ன மாமா, அத்தான், நான் என்று ஆறு பேர் இறங்கினோம். வேலை செய்தது மூன்று பேர், கருத்துச் சொன்னது ஆறு பேர்.

நாஞ்சில்நாட்டுப் பழைய வீடுகளைப் பார்த்தவர்களுக்கு அதன் அமைப்பைச் சொல்ல வேண்டியதில்லை. வாசலில் படிப்புரை என்கிற திண்ணை, உள்ளே மங்களா என்கிற கூடம், ஒரு பக்கம் நெல் போடும் அறப்புரை, மேலே மச்சு. அறப்புரையில் ஒரு பத்தாயம், நெல் கொட்டிவைக்கும் மரப்பெட்டி. இருபது வருடமாக அது காலி என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். நெல்தான் இல்லை. திறந்தால் உடைந்த மரக்கால், மூக்கு போன கிண்டி, பூண் கழன்ற உலக்கை, யாருடையது என்றே தெரியாத ஒற்றைச் செருப்பு, ஒரு கட்டு பழைய கணக்கு ஏடு.

மூன்றாம் நாள் மச்சில் ஒரு பிஸ்கட் டப்பா அகப்பட்டது. தூக்கியதும் கிலுகிலுவென்று சத்தம். அதோடு வேலை நின்றது. மங்களாவில் பாய் விரித்து டப்பாவைக் கவிழ்த்தார்கள். ஜார்ஜ் மன்னர் தலை போட்ட காலணாக்கள், ஓட்டைக் காலணாக்கள், நயா பைசாக்கள், சங்கு முத்திரை போட்ட திருவிதாங்கூர் செம்புக் காசுகள். ஒரு காலணாவுக்குப் பல லட்சம் என்று சின்ன மாமா எங்கோ வீடியோ பார்த்திருந்தார். அன்று மாலை வரை அந்தப் பேச்சுதான். கடைசியில் அடுக்களைத் தராசை எடுத்துவந்து எடை போட்டு ஆறு பங்கு வைத்தார்கள். பின்னால் விசாரித்தபோது, முழு டப்பாவின் மதிப்பு அந்தப் பதினோரு நாளும் எல்லோரும் குடித்த டீச்செலவுக்குக் கொஞ்சம் மேலே வந்தது. தேய்ந்த பொதுப்புழக்க நாணயங்களின் கதி அதுதான். கோடிக்கணக்கில் அடித்த காசு பழையதாகிவிட்டது என்பதற்காக மட்டும் அரிதாகிவிடாது.

நான் எழுத வந்தது அந்த டப்பாவைப் பற்றி அல்ல. அன்று பங்கு வைத்தபோது யாரும் கேட்காத பொருள் ஒன்று இருந்தது. அது சாமியறையில், குத்துவிளக்குக்கு அடியில் கிடந்தது.

ஆறாம் நாள் சாமியறைக்கு வந்தோம். விளக்கை மாமி எடுத்துக்கொண்டார். அதன் அடியில் இருந்த பலகையை அத்தான் வாசலில் கிடந்த விறகுக் குவியலின் மேல் வீசினார். கனமில்லாத சின்னப் பலகைதான், ஆனால் சிமெண்டுத் தரையில் கல் விழுந்தது போல் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்காகத்தான் எடுத்துப் பார்த்தேன்.

எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக் கன்னங்கரேலென்று இருந்தது. சதுரம், ஒரு பக்கம் 13 சென்டிமீட்டர். ஓர் ஓரத்தில் எட்டு சென்டிமீட்டர் நீளத்துக்குக் கைப்பிடி, தோசைக்கரண்டியின் காம்பை வெட்டி ஒட்டவைத்தது போல. ஆனால் ஒட்டவில்லை, ஒரே மரம். மேல்பக்கம் முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள். எதுவும் மறுபக்கம் துளைத்துக்கொண்டு போகவில்லை. துவரம்பருப்பு ஒன்றை வைத்தால் கொஞ்சம் இடம் மிஞ்சும், ஆழம் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. எண்ணினேன். பத்து வரிசை, வரிசைக்குப் பத்து.

மாமியிடம் கேட்டேன்.

“அது நான் கல்யாணமாகி வந்த நாள்லேருந்து அங்கதான் மக்கா கெடக்கு. எண்ணெய் வழிஞ்சா தரையில போகாது, குழியிலயே நின்னுக்கிடும். அதுக்குத்தான் வச்சிருந்தா உங்க பாட்டி.”

விளக்கெண்ணெய்க்காக ஒருவர் உட்கார்ந்து நூறு குழி குடைந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

மூன்று ஊகம், மூன்றும் தப்பு

முதல் ஊகம் அம்மாவுடையது: இடியாப்பத் தட்டு. ஓட்டை மறுபக்கம் வராத இடியாப்பத் தட்டில் என்ன பிழிவது என்று மாமி கேட்டதும் அது முடிந்தது. இரண்டாவது சின்ன மாமாவுடையது: ஏதோ விளையாட்டுப் பலகை. பல்லாங்குழிக்குப் பதினாலு குழி போதும், அதில் சோழியாவது புளியங்கொட்டையாவது பிடிக்க வேண்டும். இதில் ஒரு குன்றிமணிக்குமேல் நிற்காது.

மூன்றாவது என்னுடையது. கொஞ்சம் நியாயமானதும் கூட. பாட்டாவின் சித்தப்பா ஒருவர் வைத்தியர். எங்கள் பக்கத்தில் வர்ம ஆசான்களும் வைத்தியர்களும் தெருவுக்கு ஒருவர் இருந்த காலம் அது. குளிகை உருட்டி ஒரே அளவில் காயப்போட இப்படியொரு பலகை வைத்திருக்கலாம் என்று நினைத்தேன். இரண்டு நாள் அந்த நினைப்பிலேயே இருந்தேன். ஆனால் குளிகை உருண்டை, இந்தக் குழிகள் ஆழமே இல்லாதவை. பலகையை லேசாகச் சாய்த்தாலும் உருண்டு கீழே வந்துவிடும். காயவைக்கத் தட்டையான முறம் போதும். கைப்பிடி எதற்கு? கைப்பிடி இருந்தால் அதைப் பிடித்து எதையோ செய்திருக்க வேண்டும். அள்ளியிருக்க வேண்டும், இல்லையென்றால் ஆட்டியிருக்க வேண்டும்.

இதற்கிடையில் ஒரு விபரீதம் நடந்தது. நான் ஆர்வமாக இருப்பதைப் பார்த்த அத்தான், பளபளவென்று ஆக்கித் தருகிறேன் என்று ஆச்சாரியிடம் உப்புத்தாள் வாங்கி ஒரு மூலையைத் தேய்க்கத் தொடங்கிவிட்டார். நான் பார்த்துக் கத்துவதற்குள் ஐந்தாறு இழுப்பு இழுத்தாகிவிட்டது. அடுத்து வார்னிஷ் அடிப்பதாகத் திட்டமாம். கோபப்பட முடியவில்லை. அவர் நல்லது என்று நினைத்துத்தான் செய்தார். தேய்த்த இடத்தில் உள்மரம் தெரிந்தது, கருஞ்சிவப்பில் கறுப்பு ரேகை. “இது ஈட்டில்லா” என்றார் ஆச்சாரி. கெட்டியான ஈட்டி மரம்தானே என்கிறார். கீழே விழுந்த சத்தத்துக்குக் காரணம் தெரிந்தது.

சக்கரம் நுழையவில்லை

எட்டாம் நாள் படிப்புரையில் உட்கார்ந்திருந்தபோது எதிர்வீட்டுப் பெரியவர் வந்தார். எண்பது தாண்டியவர், கண் அவ்வளவாகத் தெரியாது. பலகையை வாங்கித் தடவிப் பார்த்தார். ஒரு கையால் காம்பைப் பிடித்துக்கொண்டு மறு கையின் உள்ளங்கையால் மேலே ஒருமுறை வழித்தார். “இது சக்கரம் எண்ணுற பலகையில்லா” என்றார். அவர் சின்ன வயதில் அவருடைய பாட்டா வீட்டில் ஒன்று பார்த்திருக்கிறார். யாரும் அதை உபயோகித்து அவர் பார்த்ததில்லை.

சக்கரம் என்பது திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் நாணயம். கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேரும்வரை திருவிதாங்கூருக்கும், அதன்பின் திருவிதாங்கூர்-கொச்சிக்கும் உட்பட்டுதான் இருந்தது. நிலவரி, கோயில் கணக்கு, சந்தை வியாபாரம் எல்லாம் சக்கரத்திலும் காசிலும் நடந்த ஊர் இது. அதனால் பெரியவர் சொன்னது நம்பும்படியாகவே இருந்தது. சோதித்துப் பார்க்கவும் வழி இருந்தது, டப்பாவில் சக்கரம் இருந்ததே! செம்பு, ஒரு பக்கம் சித்திரைத் திருநாள் மகாராஜாவின் தலை, மறுபக்கம் சங்கு. என் பங்கில் அப்படி இரண்டு வந்திருந்தன.

ஓடிப்போய் எடுத்துவந்து குழியில் வைத்தேன். நுழையவில்லை. நுழையவில்லை என்பது குறைத்துச் சொல்வது. அந்தச் சக்கரம் ஒரே நேரத்தில் நாலு குழியை மூடிக்கொண்டு உட்கார்ந்தது.

சரி, பெரியவருக்கு ஞாபகப் பிசகு என்று முடிவு கட்டினேன். இந்த ஆய்வில் நான் செய்த மிகப் பெரிய தப்பு அதுதான். கையில் ஒரு சோதனை இருந்தது, அது தோற்றது, அதனால் ஊகம் தப்பு என்று எழுதிவிட்டேன். சோதித்த பொருள் சரிதானா என்று கேட்கவில்லை.

அடுத்த நாள் பழைய பேப்பர்க்காரர் வந்தார். பத்தாயத்தில் இருந்த கணக்கு ஏடுகள் அவர் தராசில் ஏறிவிட்டன. பெரிய மாமா எதற்கோ ஒன்றை உருவிப் புரட்ட, அவர் தோளுக்கு மேலாக நானும் எட்டிப் பார்த்தேன். முதல் பக்கத்தில் ௲௬௰௮ என்று இருந்தது. ஆயிரத்து அறுபத்தெட்டு, கொல்லம் ஆண்டு. ஆங்கிலக் கணக்கில் 1892 ஆவணியில் தொடங்கி 1893 ஆடி வரை. பக்கத்துக்கு மூன்று பத்தி போட்டிருந்தார்கள். தலைப்பு ரூ, சக், கா. ரூபாய், சக்கரம், காசு. வட்டிக் கணக்கும் நெல் விற்ற கணக்கும். ஏடுகளைத் தராசிலிருந்து இறக்கிவிட்டோம். பேப்பர்க்காரர் முகம் சுண்டிவிட்டது, பழைய நாளிதழ் கட்டு ஒன்றை அதிகம் கொடுத்துச் சமாதானம் செய்தோம்.

அன்று ராத்திரி புரட்டிக்கொண்டே போனபோது ஒரு தொகை திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது: 3 ரூபாய், 14 சக்கரம், 8 காசு. வட்டி வாங்கிய இடத்தில் ஒன்று, நெல் விற்ற இடத்தில் நாலைந்து. இன்னொன்று, 7 ரூபாய், 0 சக்கரம், 8 காசு. வட்டியும் நெல் விலையும் ஒரே தொகையாக வர ஒரு காரணமும் இல்லை. 3-14-8 என்பது யாரும் வாயால் பேசி முடிக்கக்கூடிய விலையும் இல்லை. 3 ரூபாய் 14 சக்கரம் என்று முடித்திருப்பார்கள், இல்லாவிட்டால் 15 என்று. அந்த 8 காசு ஏன் ஒட்டிக்கொண்டு வருகிறது?

எனக்குத் தெரிந்த வாய்பாடு இது: 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். ஆக ரூபாய்க்கு 28 சக்கரம். 3 ரூபாய்க்கு 84, அதோடு 14, 8 காசுக்கு அரை. மொத்தம் 98½. நூறுக்கு இவ்வளவு பக்கத்தில் வந்து ஒன்றரை குறைவாக நின்றது. நூறு குழிப் பலகையில் ஒன்றரைக் குழியை என்ன செய்வது? அதையும் ஓரமாக வைத்துவிட்டுப் படுத்தேன்.

பாட்டிலில் இருந்த வெள்ளி

வீட்டைக் கொடுத்து இரண்டு வாரம் கழித்துதான் விடை கிடைத்தது. அத்தானுக்குத் தெரிந்த ஒருவர் மூலமாக நாகர்கோவிலில் நாணயம் சேர்க்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் பலகையோடும் ஏட்டோடும் போனேன். பலகையைத் துணியிலிருந்து பிரித்ததும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“இது எங்க கெடந்து தம்பி?”

விளக்குக்கு அடியில் என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் ஒரு சின்ன மருந்து பாட்டிலோடு வந்தார். அதற்குள் அரிசி போல ஏதோ. ஒரு வெள்ளைத் தாளில் கொட்டினார். ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. வெள்ளி. ஓரம் ஒழுங்கில்லாமல் கொஞ்சம் உப்பலாக, புள்ளியும் கோடுமாக முத்திரை.

“நீங்க வச்சுப் பாத்த சக்கரம் சித்திரைத் திருநாள் காலத்து மெஷின் சக்கரம். ஆட்சி அவர் கைக்கு வந்ததே 1931-ல. இதுதான் பழைய சக்கரம்.”

ஒரே பெயர், இரண்டு நாணயம். வெள்ளிச் சக்கரம் 6, 7 மில்லிமீட்டர் அகலம், எடை 0.4 கிராமுக்குச் சற்றுக் குறைவு. பின்னாளில் அதே பெயரில் பெரிய செம்பு நாணயம் வந்துவிட்டது. எதிர்வீட்டுப் பெரியவர் சொன்னது சரிதான். என் கையில் இருந்த சக்கரம்தான் வேறு.

ஏட்டைக் காட்டி அந்த 98½ விஷயத்தைச் சொன்னேன். சிரித்துவிட்டார். நான் பெருக்கியது திருவிதாங்கூர் ரூபாயின் விகிதத்தில். அது பெரும்பாலும் கணக்குப் புத்தகத்தில் மட்டும் வாழ்ந்த ரூபாய். கையில் புழங்கியது பிரிட்டிஷ் ரூபாய், அதற்கு 28½ சக்கரம். மூன்று ரூபாய்க்கு 85½, அதோடு 14½. நூறு. ஏழு ரூபாய்க்கு 199½, எட்டுக் காசு அரைச் சக்கரம். இருநூறு.

3-14-8 என்பது விலையே அல்ல. ஒரு பலகை. 7-0-8 இரண்டு பலகை. வந்தவர் கொடுத்த சக்கரங்களைப் பலகையால் அளந்து வாங்கி, அதை ரூபாயாக்கி ஏட்டில் ஏற்றியிருக்கிறார்கள். நாணயத்தின் பெயர் என்னை ஒருமுறை ஏமாற்றியது, ரூபாயின் பெயர் இன்னொருமுறை. பெயரே இல்லாமல் கிடந்த பலகை மட்டும் முதலிலிருந்தே நூறு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது.

இனி செய்து பார்ப்பதுதான் பாக்கி. எண்ணெய்ப் பலகையில் தன் வெள்ளியைப் போட அவர் சம்மதிக்கவில்லை. நியாயம்தான். தண்ணீர் படக்கூடாது, சோப்பு கூடாது, எலுமிச்சை, புளி என்று எதுவும் கூடாது என்று சொல்லி அனுப்பினார். இரண்டு சாயங்காலம் பழைய பருத்தித் துணியாலும் மூங்கில் சிம்பாலும் குழிகுழியாகத் துடைத்தேன். மரத்துக்குள் ஊறிய கறுப்பைத் தொடவில்லை. மேலே நின்ற பிசுக்கு மட்டும் போனது. அதற்கப்புறம்தான் அவர் பாட்டிலைத் திறந்தார்.

ஒரு கை நிறைய அள்ளிப் பலகையில் போட்டார். காம்பைப் பிடித்து, முறத்தில் அரிசி கொழிப்பது போலப் பக்கவாட்டில் நாலு ஆட்டு. காசுகள் தாமாகவே ஓடிக் குழிகளில் விழுந்தன. குழியின் ஆழம் ஒரு காசின் கனம்தான் என்பதால் ஒன்றின்மேல் இன்னொன்று நிற்காது, வழுக்கிக்கொண்டு அடுத்த குழிக்குப் போய்விடும். மிச்சத்தை உள்ளங்கையால் வழித்துத் தாளில் தள்ளினார். எதிர்வீட்டுப் பெரியவர் வெறும் பலகையில் செய்து காட்டிய அதே வழிப்பு. எண்ணவே தேவையில்லை. நிரம்பாத குழி கண்ணில் குத்தியது.

நாலு குழி நிரம்பவில்லை. 96.

மூன்றில் எண்ணெய்ப் பிசுக்கு கல்லாக இறுகிக் கிடந்தது. அதைப் பிறகு நிதானமாக எடுத்தோம். நாலாவது, அத்தான் உப்புத்தாள் போட்ட மூலையில் இருந்தது. அந்தக் குழியின் விளிம்பு தேய்ந்து ஆழம் குறைந்துவிட்டதால் வழிக்கும்போதெல்லாம் காசும் கூடவே வந்துவிடுகிறது. எத்தனை முறை செய்தாலும் அதில் நிற்கவில்லை. நூற்றாண்டு கடந்ததாகத் தெரியும் பலகை இன்று 99 எண்ணுகிறது. அந்த ஒரு சக்கரம் அத்தான் கணக்கில் பற்று.

எதற்காக இவ்வளவு பாடு

19ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூரில் இருந்த லண்டன் மிஷன் பாதிரியார் சாமுவேல் மட்டீர் இந்த முறையைப் பார்த்து எழுதியிருக்கிறார். குழிப் பலகை, ஒரு கைப்பிடிக் காசு, ஓர் ஆட்டு, ஒரு வழிப்பு. அவருக்கு அது புதுமையாகப் பட்டிருக்க வேண்டும். நமக்கு இன்று அதன் அவசியம் புரிய ஒரு கணக்குப் போட்டால் போதும். ஆயிரம் பிரிட்டிஷ் ரூபாய்க்குச் சமமான தொகையைச் சக்கரமாகக் கொண்டுவந்தால் 28,500 காசு. எடை 10 கிலோவுக்கு மேல். நொடிக்கு ஒன்று என்று விடாமல் எண்ணினாலும் ஏறக்குறைய எட்டு மணி நேரம். அதுவும் விரலிடுக்கில் நிற்காத காசு, நடுவில் யாராவது கூப்பிட்டால் எண்ணிக்கை போச்சு. பலகையால் அளந்தால் 285 பலகை. பத்துப் பன்னிரண்டு முறை பழகியபின் எனக்கே ஒரு பலகை பதினைந்து நொடியில் முடிந்தது. அந்தக் கணக்கில் ஒரு மணி பத்து நிமிடம் போதும். தொழிலாகச் செய்தவர்கள் என்னைவிட வேகமாகத்தான் செய்திருப்பார்கள்.

இன்னொன்றும் உண்டு. எண்ணுகிறவர் ஒருவர், பார்த்துக்கொண்டிருப்பவர் ஒருவர் என்றால் விரலால் எண்ணும்போது பார்ப்பவரும் கூடவே எண்ண வேண்டும். இல்லாவிட்டால் நம்ப வேண்டும். பலகையில் இரண்டும் தேவையில்லை. கடன் வாங்கியவர் எழுத்தறியாதவராக இருந்தாலும் குழி நிரம்பியதா இல்லையா என்று அவருக்குத் தெரியும். அதனால் அந்தக் காலத்தில் ஏமாற்றே இல்லை என்று சொல்ல மாட்டேன். குழி குடைந்தவர் யாருடைய ஆள் என்பதும் முக்கியம். ஆனால் வட்டி கொடுக்க வந்தவர் கையில் அந்தப் பலகை ஒரு சாட்சி. எங்கள் முப்பாட்டாவின் வட்டி விகிதத்தை ஏட்டில் பார்த்தபின் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர்களுக்கு அப்படியொரு சாட்சி தேவைப்பட்டிருக்கும் என்றே தோன்றுகிறது. அம்மாவுக்கு இந்த வரி பிடிக்காது.

வயது, சட்டம், விலை

ஏட்டில் 1068 என்று இருப்பதால் பலகைக்கும் அதே வயது என்று சொல்ல எல்லோருக்கும் ஆசை. நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஏடு ஏட்டின் வயதைத்தான் சொல்லும். பலகை அதற்கு முன்னாலேயே இருந்திருக்கலாம், யாராவது பின்னால் கொண்டுவந்திருக்கலாம். என்றாலும் இரண்டு சாட்சிகள் பலகையிலேயே இருக்கின்றன. ஒன்று, குழிகள் அத்தனையும் வெள்ளிச் சக்கரத்தின் அளவுக்குக் குடைந்தவை. அந்தக் காசு புழங்காத காலத்தில் இதைச் செய்ய யாருக்கும் வேலையில்லை. இரண்டு, தேய்மானம். காம்பை இடது கையில் பிடித்து வலது கையால் வழித்தால் கை எந்தத் திசையில் போகுமோ அந்தத் திசையில் குழிகளுக்கு இடையே உள்ள மரம் மழுங்கிச் சரிந்திருக்கிறது. எதிர்ப்பக்க விளிம்பு இன்னும் கூராக இருக்கிறது. விளக்கு வைத்ததால் வந்த தேய்மானம் இப்படி ஒரு பக்கமாக இராது. அலங்காரத்துக்காகப் புதிதாகச் செய்த ஒன்றிலும் இதைக் காண முடியாது. ஏட்டில் உள்ள 3-14-8 இவற்றோடு சேரும்போது இந்தப் பலகையோ இதைப் போல் ஒன்றோ அந்த வீட்டில் 1892-93இல் வேலை செய்தது என்ற அளவுக்குச் சொல்லலாம்.

சட்டம் பற்றி சின்ன மாமா பயந்தார். புதையல் என்று கலெக்டர் எடுத்துக்கொள்வாரோ என்று. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் சொல்வது மண்ணுக்குள்ளோ மண்ணோடு பொருத்தப்பட்ட ஒன்றுக்குள்ளோ மறைந்து கிடப்பதைப் பற்றி. மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். சுவருக்குள்ளிருந்து பானை வந்திருந்தால் யோசிக்க வேண்டியிருக்கும். தினமும் விளக்கேற்றிய இடத்தில் எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டிருந்த பலகை எந்த அர்த்தத்திலும் மறைந்து கிடந்ததல்ல. ஆனால் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் வேறு. நூறு வருடத்துக்குக் குறையாத இப்படிப்பட்ட பொருள் தொல்பொருள் ஆகிவிடும். வைத்துக்கொள்ளலாம். தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, அதை வியாபாரமாகச் செய்கிறவர் உரிமம் வைத்திருக்க வேண்டும். துபாயில் இருக்கும் மாமா மகள் ஒரு வாட்ஸ்அப் செய்தியில் பலகையைத் தனக்கு அனுப்பச் சொன்னபோது இதைச் சொல்லித்தான் நிறுத்தினோம்.

விலையையும் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். வீடு ஒழித்தபோது பழைய சாமான் எடுக்க வந்த ஒருவர், பலகை, கிண்டி, மரக்கால் எல்லாம் சேர்த்து ஒரு தொகை சொன்னார். அது ஒரு சாப்பாட்டுச் செலவு. அதே ஆள், படம் எங்கள் சொந்தக்காரர்கள் குழுவில் சுற்றி அவர் வரை போனபின், பலகைக்கு மட்டும் நாலு இலக்கத்தில் பேசினார். ஐந்து இலக்கம் ஆகவில்லை. சொல்லப்போனால் வெள்ளிச் சக்கரமும் விலை மதிப்பற்றதொன்றும் அல்ல. நிறைய அடித்திருக்கிறார்கள், நிறையக் கிடைக்கிறது. காசை எல்லோரும் பத்திரப்படுத்தினார்கள். எண்ணிய பலகையைச் சக்கரம் போனபின் வைத்துக்கொள்ள யாருக்கும் காரணம் இல்லை. அடுப்புக்குப் போனவைதான் அதிகமாக இருக்கும். எங்கள் வீட்டில் அது தப்பியது பாட்டிக்கு எண்ணெய் வழிகிற தொந்தரவு இருந்ததால். இந்த நிகழ்வில் பாதுகாப்பு என்று ஒன்று நடந்திருந்தால் அதைச் செய்தவர் அவர்தான். அவருக்கு அது தெரியாது.

நான் செய்திருக்க வேண்டியவை இரண்டு. விளக்கை எடுக்கும் முன்பே அது இருந்த நிலையில் ஒரு படம் எடுத்திருக்க வேண்டும். இன்று அந்த அறையே இல்லை. எதிர்வீட்டுப் பெரியவர் பேசியதைப் போனில் பதிவு செய்திருக்க வேண்டும். சோதனை முடிந்ததும் சொல்லப் போனேன். அவர் மகள் வீட்டுக்குப் போயிருந்தார், பங்குனிக் கடைசி வரை வரவில்லை. வந்தபின் பார்த்தேன். பலகை என்று ஆரம்பித்ததும், “நான் அன்னைக்கே சொன்னேம்லா” என்று முடித்துவிட்டார்.

இப்போது பலகையும் ஏடும் ஒரே பருத்தித் துணியில் பெரிய மாமா வீட்டு அலமாரியில் இருக்கின்றன. இரண்டையும் பிரிக்கக் கூடாது என்று எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். ஒன்றில்லாமல் மற்றொன்றுக்குப் பாதிக் கதைதான் தெரியும். மாமிக்கு விளக்கடியில் வைக்க ஒரு பித்தளைத் தட்டு வாங்கிக் கொடுத்தேன். அவருக்குத் திருப்தியில்லை. எண்ணெய் ஒரே பக்கமாக ஓடுகிறதாம், குழியிருந்தால் அங்கங்கே நிற்குமாம். அந்த மாதிரிப் பலகை இன்னொன்று எங்காவது கிடைக்குமா என்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறார்.